சத்தியமும் செஞ்சோற்றுக் கடனும்: மத்திய கால இஸ்லாமிய அரசுகள் எதன் மேல் நின்றன?

கேள்வி இது: "மத்திய கால இஸ்லாமிய அரசுகளில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. சுல்தான்களை அவர்களுடைய தளபதிகளே கொன்றார்கள், கலீஃபாக்களைக் குருடாக்கினார்கள். இத்தனை அமளியிலும் அந்தச் சமூகம் எப்படிச் சிதறாமல் நின்றது? யார் யாருக்குக் கட்டுப்பட்டார்கள், எதற்காக?"

இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள். மதம் கட்டிவைத்தது என்பார்கள், இல்லையென்றால் வாள் கட்டிவைத்தது என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சண்டை போட்டுக்கொண்ட இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே மார்க்கத்தார், ஒரே திசையைப் பார்த்துத் தொழுதவர்கள். வாள் என்றாலும், ஒரு சுல்தான் தனியாளாக எத்தனை பேரை வெட்ட முடியும்? அவருக்காக வாள் தூக்கியவர்கள் ஏன் தூக்கினார்கள், ஒருநாள் ஏன் தூக்க மறுத்தார்கள் என்பதைச் சொன்னால்தான் பதில் ஆகும்.

நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், அந்த அதிகாரம் ஆளுக்கு ஆள் போட்டுக்கொண்ட முடிச்சுகளின் மேல் நின்றது. செய்துகொடுத்த சத்தியம், உண்ட சோற்றுக்கான கடன், வளர்த்து ஆளாக்கியவருக்குக் காட்ட வேண்டிய விசுவாசம், ஒரே வீட்டில் அடிமையாக வளர்ந்தவர்களின் சகோதரத்துவம் ஆகியவைதான் அந்த முடிச்சுகள். பதவி என்ற நாற்காலிக்கு விசுவாசம் குறைவு, அதில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு விசுவாசம் அதிகம். அரசுகள் மளமளவென்று எழுந்து மளமளவென்று விழுந்ததற்குக் காரணம் அதுதான். அரண்மனைக்கு வெளியே ஊரில் வேறு முடிச்சுகள் இருந்தன. அதனால் அரசு விழுந்தபோது ஊரும் சேர்ந்து விழவில்லை.

ஸ்பெயினிலிருந்து சிந்து வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினால் எதுவும் சரியாக வராது. 10, 11ஆம் நூற்றாண்டுகளின் பாக்தாதையும் ஈரானையும், அப்புறம் 13ஆம் நூற்றாண்டின் கெய்ரோவையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சத்தியம். முஸ்லிம்களின் தலைவரான கலீஃபா ஒருவர் பதவிக்கு வந்தால் மக்கள் அவருக்கு 'பைஅத்' செய்ய வேண்டும், அதாவது கையில் கை வைத்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். இதை ஒரு சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. பாக்தாதின் கலீஃபா வம்சமான அப்பாஸியர் காலத்தில் அந்த உறுதிமொழியில் கடுமையான நிபந்தனைகள் சேர்ந்தன. நான் வாக்குத் தவறினால் என் மனைவியர் தலாக் ஆனவர்கள், என் அடிமைகள் விடுதலை ஆனவர்கள், என் சொத்து முழுவதும் தர்மம், நான் மக்காவுக்கு நடந்தே போக வேண்டும் என்று அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். ராஜாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் ஒருவருடைய குடும்பம், சொத்து, மறுமை எல்லாமே கைவிட்டுப் போகும் என்று ஏற்பாடு. அதை மேற்பார்வை பார்க்கப் போலீஸ் தேவையில்லை. இறைவன் பார்த்துக்கொள்வான், ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது எவ்வளவு தூரம் நிஜமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதற்கு மதீனாவின் சட்ட அறிஞர் இமாம் மாலிக் நல்ல சாட்சி. 762இல் மதீனாவில் நபியின் வம்சத்தைச் சேர்ந்த முஹம்மது என்பவர் கலீஃபா மன்சூருக்கு எதிராக எழுந்தார். அவரோடு சேர நினைத்தவர்களுக்கு ஒரே ஒரு தடை இருந்தது: "மன்சூருக்கு ஏற்கெனவே சத்தியம் செய்துவிட்டோமே." கட்டாயத்தில் வாங்கிய சத்தியம் செல்லாது என்று மாலிக் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிளர்ச்சி அடங்கிய பிறகு ஆளுநர் அவரைச் சாட்டையால் அடிக்க வைத்தார். தோள் பிசகிப் போனது. சத்தியத்துக்கு மதிப்பே இல்லாத ஊராக இருந்தால் மக்கள் மாலிக்கிடம் போய்க் கேட்டிருக்கவும் மாட்டார்கள், அரசும் அவரை அடித்திருக்காது.

சரி, சத்தியம் செய்தவர்கள் மீறவே இல்லையா? மீறினார்கள். ஹாரூன் ரஷீத் 802இல் தன் மகன்கள் அமீனையும் மஃமூனையும் ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போய், அமீன் முதலில் கலீஃபா, மஃமூனுக்குக் குராசான் மாகாணமும் அடுத்த பட்டமும் என்று இருவரையும் சத்தியம் செய்ய வைத்தார். அந்தப் பத்திரங்களைக் கஅபாவிலேயே தொங்கவிட்டார்கள். இதைவிடப் பெரிய சாட்சி அந்த உலகத்தில் இல்லை. 809இல் ஹாரூன் இறந்தார். சீக்கிரமே அமீன் தன் மகனை வாரிசாக்கப் பார்த்தார், பத்திரங்களை வரவழைத்துக் கிழித்தார். 813இல் மஃமூனின் படை பாக்தாதைப் பிடித்து அமீனைக் கொன்றது.

சத்தியம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்ட நினைப்பது இயல்பு. எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. அமீன் பத்திரத்தைக் கிழித்த அன்றே மஃமூனின் ஆட்களுக்கு ஒரு பெரிய சுமை இறங்கியது. கலீஃபாவுக்கு எதிராக வாள் எடுப்பது பாவம் என்ற தயக்கம் அதுவரை இருந்தது. இப்போது வாக்குத் தவறியவர் அவர்தான், நாங்கள் இல்லை என்று சொல்ல முடிந்தது. அந்த முடிச்சு இரண்டு முனையும் உள்ளது. ஒரு முனையை அவிழ்த்தவருக்கு மறுமுனையைப் பிடித்து இழுக்க உரிமை கிடையாது.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் பாதித்த நிகழ்ச்சி புவைஹ் வம்சத்தில் நடந்தது. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே தைலம் என்ற மலைநாடு. அங்கிருந்து கூலிப்படை வீரர்களாகக் கிளம்பிய மூன்று சகோதரர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஈரானின் மேற்குப் பாதியையும் இராக்கையும் பிடித்தார்கள். தகப்பன் புவைஹ் மீனவர் என்று சொல்வார்கள். மூத்தவர் அலி ஷிராஸில், நடுவர் ஹசன் இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரையில், இளையவர் அஹ்மத் பாக்தாதில். கலீஃபா இவர்களுக்குப் பட்டங்கள் கொடுத்தார்: ஹசன் ருக்னுத் தவ்லா, அஹ்மத் முயிஸ்ஸுத் தவ்லா.

பட்டம் கொடுத்த கலீஃபா முஸ்தக்ஃபிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 946 ஜனவரியில் ஒருநாள் தர்பாரில் இரண்டு தைலமியர் அவரை நெருங்கினார்கள். கையை முத்தமிட வருகிறார்கள் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தே ஆசனத்திலிருந்து இழுத்துப் போட்டு, தலைப்பாகையைக் கழுத்தில் சுற்றி இழுத்துப் போனார்கள். பிறகு கண்களைக் குருடாக்கினார்கள். முயிஸ்ஸுத் தவ்லா பாக்தாதுக்குள் நுழைந்து அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

இவ்வளவு செய்தவர் கலீஃபா பதவியையே ஒழித்திருக்கலாமே? புவைஹ்கள் ஷியாக்கள், அப்பாஸியரை அவர்கள் உரிமையுள்ளவர்களாகக் கருதவில்லை. நபியின் மருமகன் அலீயின் வம்சத்தில் ஒருவரைக் கலீஃபாவாக வைக்கலாமா என்று முயிஸ்ஸுத் தவ்லா யோசித்தபோது ஆலோசகர் ஒருவர் தடுத்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இப்போதுள்ள கலீஃபாவை நீங்களும் நம்பவில்லை, உங்கள் வீரர்களும் நம்பவில்லை, கொல்லச் சொன்னால் கொல்வார்கள். அவர்கள் உண்மையாகவே நம்பும் ஒருவரை உட்கார வைத்தால், அவர் உங்களைக் கொல்லச் சொன்னாலும் கொல்வார்களே. எந்தக் கட்டு எவ்வளவு பலமானது என்று அந்த ஆட்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

இப்போது அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 967இல் முயிஸ்ஸுத் தவ்லா இறந்து அவர் மகன் பக்தியார் பாக்தாதில் பட்டத்துக்கு வந்தார். ஆட்சி செய்யும் சாமர்த்தியம் போதாதவர். சில ஆண்டுகளில் அவருடைய துருக்கி வீரர்களே எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அவர் பெரியப்பா ருக்னுத் தவ்லாவிடம் உதவி கேட்க, பெரியப்பா மகனான அளுதுத் தவ்லா ஷிராஸிலிருந்து படையோடு வந்தார். 975இல் துருக்கியரைத் தோற்கடித்தார். அந்த வம்சத்திலேயே திறமைசாலி அவர்தான். பாக்தாதைப் பார்த்ததும் விட்டுப் போக மனம் வரவில்லை; தம்பி முறையுள்ள பக்தியாரைச் சிறையில் வைத்துவிட்டார்.

செய்தி ரைக்குப் போனது. கிழவர் ருக்னுத் தவ்லா ஆசனத்திலிருந்து தரையில் விழுந்து புரண்டார், வாயில் நுரை தள்ளியது, சில நாள் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இதை எழுதிய வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹ் அதே காலத்தவர், அந்த அரசவையை உள்ளிருந்து அறிந்தவர். இறந்துபோன தம்பி முயிஸ்ஸுத் தவ்லா கண் முன்னால் நின்று விரலைக் கடித்தபடி, "அண்ணா, என் பெண்டு பிள்ளைகளுக்கு நீ கொடுத்த உறுதி இதுதானா?" என்று கேட்பதாக ருக்னுத் தவ்லா சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தத் தம்பியை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தவர். மகனுக்கு ஆள் அனுப்பினார்: பக்தியாரை விடு, இல்லையென்றால் நானே படையோடு வருகிறேன்.

அளுதுத் தவ்லாவிடம் படை இருந்தது, பணம் இருந்தது, பாக்தாத் கையில் இருந்தது. இருந்தும் அவர் பக்தியாரை விடுவித்து, ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிராஸுக்குப் போனார். பயந்தா போனார்? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படையில் பலர் தைலமியர். அவர்கள் கண்ணில் ருக்னுத் தவ்லா குடும்பத்துக்கே பெரியவர், மூன்று சகோதரர்களில் மிஞ்சியிருந்த ஒரே ஒருவர். தகப்பனை மீறிய மகனுக்குப் பின்னால் அவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள்? தன்னிடம் சத்தியம் செய்தவர்கள் அதைக் காக்க வேண்டும் என்று நினைப்பவர், தகப்பன் தன் தம்பிக்குக் கொடுத்த வாக்கைக் காலால் மிதிக்க முடியாது.

மறு ஆண்டு ருக்னுத் தவ்லா இறந்தார். அளுதுத் தவ்லா 977இல் திரும்பவும் இராக்குக்குப் படை எடுத்தார். 978இல் பக்தியாரைப் பிடித்துக் கொன்றார். அந்த வாக்கின் ஆயுள் அதைக் கொடுத்தவரின் ஆயுள்தான். உங்கள் கேள்வியில் வந்த அமளியின் வேர் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் முடிச்சுகளைப் புதிதாகப் போட வேண்டும். தகப்பன் சேர்த்த நிலத்தை மகன் வாங்கிக்கொள்ளலாம், தகப்பனுக்கு மற்றவர்கள் வைத்திருந்த விசுவாசத்தை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது.

அடுத்தது சோற்றுக் கடன். ஒருவரை வளர்த்து, படிக்க வைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, ஊரறிய உயர்த்தி விட்டால் அவர் உங்கள் ஆள். அரபு, பாரசீக எழுத்துகளில் அடிக்கடி வரும் மிகப் பெரிய வசை நன்றி கெட்டவன் என்பதுதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனை எதிரியும் நம்ப மாட்டான். தோற்ற தரப்பிலிருந்து ஓடி வந்த அதிகாரியிடம் புதிய எஜமானர் முதலில் கேட்பது, பழைய எஜமானரிடம் எப்படி நடந்துகொண்டாய் என்பதைத்தான்.

பால் உறவும் இதில் ஒன்று. ஹாரூன் ரஷீதும், அவருடைய அமைச்சர் குடும்பமான பர்மகிகளின் வீட்டுப் பிள்ளை ஃபள்லும் பால் குடிச் சகோதரர்கள். ஒருவர் தாயிடம் மற்றவர் பால் குடித்தவர். இஸ்லாமியச் சட்டத்தில் பால் உறவு ரத்த உறவு மாதிரியே திருமணத் தடை உள்ளது. அப்படியிருந்தும் 803இல் ஹாரூன் அந்தக் குடும்பத்தைக் கவிழ்த்து, ஃபள்லின் தம்பி ஜஃபரைக் கொன்றபோது ஊரே அதிர்ந்துபோனது. இவ்வளவு நெருக்கமான கட்டைக் கலீஃபாவே அறுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் சோற்றுக் கடனுக்குச் சோறு போட வேண்டும். சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜலாலுத் தவ்லாவைப் பாருங்கள். 1027 முதல் 1044 வரை பாக்தாதில் இருந்த புவைஹ் மன்னர் இவர். கஜானா காலி. துருக்கி வீரர்கள் வாசலில் வந்து கத்துவார்கள், சில சமயம் மாளிகையையே கொள்ளை அடிப்பார்கள். தன் துணிமணிகளை விற்றுப் பணம் கொடுக்க வேண்டி வந்தது. குதிரைகளுக்குத் தீனி போட முடியாமல் அவிழ்த்து விட்டார். அவ்வளவு பண்ணியும் அந்த வீரர்கள் அவரைக் கொல்லவில்லை. புவைஹ் ரத்தத்தில் ஒருவர் தலைக்கு மேல் இல்லாமல் தங்களுக்குள் அடித்துக்கொள்வோம் என்பது அவர்களுக்கே தெரியும்.

இந்த மன்னர்தான் 1038இல் 'ராஜாதி ராஜா' என்று பட்டம் சூட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் குத்பா என்ற பிரசங்கம் ஓதும்போது அந்தப் பட்டத்தோடு பெயரைச் சொன்னார்கள். கூட்டத்துக்குக் கோபம் வந்து குத்பா ஓதியவர்கள் மேல் செங்கல்லை எறிந்தார்கள். ராஜாதி ராஜா என்று இறைவனை மட்டும்தான் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். அரசர் சட்ட அறிஞர்களிடம் தீர்ப்புக் கேட்டார். பெரிய பெரிய அறிஞர்கள் சிலர், பூமியில் உள்ள ராஜாக்களுக்கு ராஜா என்ற பொருளில் சொல்லலாம் என்று அனுமதித்தார்கள். மாவர்தீ என்ற அறிஞர் மறுத்தார். அவர் ஜலாலுத் தவ்லாவுக்கு மிக நெருங்கிய நண்பர், தினமும் மாளிகைக்குப் போய் வந்தவர். மறுத்த பிறகு பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். பெருநாளன்று அரசர் ஆள் அனுப்பி அழைத்து, "யாருக்காவது சலுகை காட்டுவதென்றால் நீங்கள் எனக்குக் காட்டியிருப்பீர்கள். உண்மை என்று நினைத்ததால்தான் மறுத்தீர்கள்" என்ற பொருளில் சொல்லி, முன்னைவிட மரியாதை செய்தார்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மூன்று வகைக் கட்டுகளும் இருக்கின்றன. வீரர்களை இழுத்துப் பிடித்தது சம்பளம். அறிஞரை அரசரோடு சேர்த்தது நட்பு, அதே அறிஞரைத் தடுத்தது மார்க்கம். செங்கல் எறிந்த ஊர்க்காரர்களுக்கு அரசர் எதுவும் கொடுத்ததில்லை, அவர்கள் அவருக்கு வாக்கு எதுவும் கொடுத்ததும் இல்லை. ஆனாலும் பள்ளிவாசலில் எந்தப் பெயர் ஒலிக்கலாம் என்பதில் அவர்களுக்கு ஒரு குரல் இருந்தது.

ஊர்க்காரர்களுக்கு ராஜாவோடு என்ன உறவு என்பதைக் கஜினி மஹ்மூதே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியப் பக்கம் போயிருந்தபோது வடக்கிலிருந்து கராகானித் துருக்கியர் வந்து பல்க் நகரத்தைத் தாக்கினார்கள். பல்க் மக்கள் மஹ்மூதுக்காக எதிர்த்துச் சண்டை போட்டார்கள். ஊர் சேதமானது, மஹ்மூதுக்குச் சொந்தமான கடைத்தெரு எரிந்தது. திரும்பி வந்த மஹ்மூத் அவர்களைப் பாராட்டவில்லை, திட்டினார். சண்டை போடுவது குடிமக்கள் வேலையா, உங்களால் என் கடைத்தெரு போயிற்று, இனிமேல் எந்த ராஜா பலமாக வந்து வரி கேட்கிறானோ அவனுக்குக் கொடுத்துவிட்டு உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பைஹகீ என்ற அரசவை எழுத்தர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பாடம் மஹ்மூதின் மகன் மஸ்ஊத் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கே எதிராகத் திரும்பியது. 1038இல் செல்ஜூக் துருக்கியர் ஈரானின் நிஷாப்பூர் நகர வாசலுக்கு வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். காஜி (நீதிபதி) சாயித் என்ற மூத்தவர் மஸ்ஊதுக்கு ஆசிரியராக இருந்தவர். சண்டை போடுவது நம் வேலை இல்லை, ஊருக்கு உடையவருக்கு ஊர் வேண்டுமென்றால் அவர் வந்து மீட்டுக்கொள்வார் என்று முடிவு செய்து கதவைத் திறந்தார்கள். செல்ஜூக் தலைவர் துக்ரில் பெக் உள்ளே வந்து மஸ்ஊதின் ஆசனத்தில் உட்கார்ந்தார். காஜி வந்ததும் எழுந்து நின்றார். நாங்கள் புதியவர்கள், இந்த ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியாது, புத்தி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ராஜா போய் வேறு ராஜா வந்தார். காஜி அதே காஜி.

நீங்கள் "சமூகம் எப்படிச் சிதறவில்லை" என்று கேட்டதற்கு என் பதிலின் பாதி இங்கே உள்ளது. திருமணம், சொத்துப் பிரிவினை, கடன், வக்ஃப், பள்ளிக்கூடம், சந்தைத் தகராறு எல்லாம் காஜியிடமும் மார்க்க அறிஞர்களான உலமாவிடமும் ஊர்ப் பெரிய குடும்பங்களிடமும் இருந்தன. ஒரு ஆலிமை, அதாவது மார்க்க அறிஞரை, ஆலிமாக்கியது சுல்தானின் ஆணை இல்லை. அவருடைய ஆசிரியர் கொடுத்த இஜாஸா, அதாவது கற்பிக்கும் அனுமதி. அந்த ஆசிரியருக்கு அவருடைய ஆசிரியர், இப்படி நபி வரைக்கும் போகும் சங்கிலி. 14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா மொராக்கோவிலிருந்து கிளம்பி டெல்லியிலும் மாலத்தீவிலும் காஜி வேலை பார்க்க முடிந்ததற்கு இந்தச் சங்கிலிதான் காரணம். மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை என்பதால் மதுரைக்கும் வந்துபோனார். படிப்பும் பெண் எடுத்த உறவும் எந்த எல்லையையும் கடக்கும் அனுமதிச் சீட்டாக இருந்தன.

கெய்ரோவுக்கு வருவோம். 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் என்ற அடிமை வீரர்கள் இந்த முடிச்சு விஷயத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள். ரஷ்யப் புல்வெளியின் கிப்சாக் துருக்கிப் பையன்களை, பிற்காலத்தில் சர்க்காசியப் பையன்களை, வியாபாரிகள் வாங்கி வந்து விற்பார்கள். வாங்கியவர் அவர்களைப் படைவீட்டில் வைத்து முதலில் குர்ஆனும் எழுத்தும் கற்றுக்கொடுப்பார். அப்புறம் வில், ஈட்டி, குதிரை. பயிற்சி முடிந்ததும் விடுதலைப் பத்திரமும் குதிரையும் ஆயுதமும் கொடுப்பார். விடுதலையான பிறகுதான் உறவே ஆரம்பம். தாய் தகப்பன், சொந்த ஊர், பழைய பெயர் எதுவும் இல்லாத பையனுக்கு, வாங்கி வளர்த்த உஸ்தாத் தகப்பன் ஸ்தானம். கூடவே வளர்ந்து கூடவே விடுதலையான மற்றப் பையன்கள் 'குஷ்தாஷ்', அதாவது கூடப் பிறக்காத கூடப் பிறப்புகள். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்பதால் வழக்கமாக அந்தப் படைக்குள் மேலே வர முடியாது. அடிமையாக வந்தவன்தான் ஆளலாம், எஜமானனுக்குப் பிறந்தவன் ஒதுங்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பழக்கமான முகம் உண்டு. 1311இல் மதுரை வரை படையோடு வந்த டெல்லித் தளபதி மாலிக் காபூரும் விலைக்கு வாங்கப்பட்டவர்தான். 'ஆயிரம் தினார்காரர்' என்பது அவர் பட்டப்பெயர். எகிப்தின் சுல்தான் கலாவூனுக்கும் ஆயிரம் தினார் விலையால் வந்த 'அல்ஃபீ' என்ற பெயர்தான். கொடுத்த விலை கேவலமாகக் கருதப்படவில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்ளப்பட்டது.

குஷ்தாஷ் உறவின் பலத்துக்கு ஒரு உதாரணம். 1254இல் சுல்தான் ஐபக், பஹ்ரீ என்ற மம்லூக் படையின் தலைவர் அக்தாயைக் கோட்டைக்குள் வரவழைத்துக் கொன்றார். அதில் ஐபக்கின் மம்லூக்கான குதுஸுக்கும் கை இருந்தது. கோட்டைக்கு வெளியே தலைவரைக் கேட்டுத் திரண்ட வீரர்கள் முன்னால் அக்தாயின் தலையை வீசினார்கள். அதே பஹ்ரீ படையைச் சேர்ந்த பைபர்ஸ் உட்படப் பலர் சிரியாவுக்கு ஓடினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து மங்கோலியர் வந்தார்கள். அப்போது குதுஸ்தான் சுல்தான். பைபர்ஸ் திரும்பி வந்து அவரோடு சேர்ந்தார். 1260 செப்டம்பரில் ஐன் ஜாலூத்தில் இருவரும் மங்கோலியரைத் தோற்கடித்தார்கள். கெய்ரோ திரும்பும் வழியில், அக்டோபரில், பைபர்ஸும் மற்ற அமீர்களும் (படைத்தலைவர்களும்) குதுஸை வெட்டிக் கொன்றார்கள். அலெப்போவைத் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்பது ஒரு காரணம். அக்தாயின் ரத்தம் இன்னொரு காரணம். அதை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கொன்றுவிட்டுக் கூடாரத்துக்கு வந்தபோது மூத்த அமீர் ஒருவர், "உங்களில் யார் கொன்றது?" என்று கேட்டார். "நான்" என்றார் பைபர்ஸ். "அப்படியானால் அவர் இடத்தில் நீங்களே உட்காருங்கள்" என்றார் அவர். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இதைக் காட்டு தர்பார் என்று சிலர் சிரிப்பார்கள். அங்கே நடந்தது என்ன என்று கவனித்தால், கொன்றது ஒரு நிமிட வேலை. அதன் பிறகு ஒவ்வொரு அமீரும் தனித்தனியாக வாக்குக் கொடுத்த பிறகே அவர் சுல்தான். அதோடு பைபர்ஸ் நிற்கவில்லை. மங்கோலியர் 1258இல் பாக்தாதில் கலீஃபாவைக் கொன்றிருந்தார்கள். தப்பி வந்த அப்பாஸியர் ஒருவரைத் தேடிப் பிடித்து 1261இல் கெய்ரோவில் கலீஃபாவாக்கி, பிறகு தானே அவருக்கு பைஅத் செய்தார். தன் தலைக்கு மேலே சத்தியம் வாங்கிக்கொள்ள ஒருவர் இல்லாமல், தனக்குக் கீழே உள்ளவர்களிடம் சத்தியம் வாங்குவது சிரமம்.

1277இல் பைபர்ஸ் இறந்ததும் மகன் பரக்கா கான் பட்டத்துக்கு வந்தார். சீக்கிரமே தகப்பனின் பழைய ஆட்களை ஒதுக்கித் தன் சொந்த மம்லூக்குகளை உயர்த்தினார். அங்கேதான் சிக்கல். அந்தப் பழைய ஆட்களில் ஒருவர் கலாவூன், பைபர்ஸின் குஷ்தாஷ், பரக்கா கானுக்கு மாமனாரும்கூட. 1279க்குள் மருமகனையும் அவர் தம்பியையும் இறக்கிவிட்டு அவரே சுல்தான் ஆனார். கலாவூனின் சொந்த வம்சம் மட்டும் விதிவிலக்காக நூறு ஆண்டு நீடித்தது. அதிலும் கடைசிப் பாதியில் சிறுவர்களை உட்கார வைத்துப் பெரிய அமீர்கள்தான் ஆண்டார்கள்.

இந்த அடிமைப் பிரபுக்களுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றவர்களும் உலமாதான். இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் என்ற அறிஞரைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1240களில், சில துருக்கி அமீர்கள் முறைப்படி விடுதலை செய்யப்படாதவர்கள், ஆகவே அவர்கள் பொதுக் கஜானாவின் சொத்து, அவர்கள் செய்த வாங்கல் விற்றல் எதுவும் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். கோபமடைந்த சுல்தான் சம்மதிக்கவில்லை. அறிஞர் மூட்டை முடிச்சுகளைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு கெய்ரோவை விட்டுக் கிளம்ப, வியாபாரிகளும் ஆலிம்களும் பெண்கள் பிள்ளைகளோடு பின்னாலேயே கிளம்பினார்கள். சுல்தான் தானே போய்ச் சமாதானம் செய்து திருப்பிக் கூட்டி வந்தார். அமீர்களை ஏலம் போட்டு, பணத்தைப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்து, பிறகு விடுவித்தார்கள். பின்னால் எழுதியவர்கள் இதைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கலாம். ஆனால் ஒரு நகரம் தன் அறிஞரின் பின்னால் மூட்டை கட்டும் என்று அந்தக் காலத்து வாசகர்கள் நம்பினார்கள் என்பதே பெரிய செய்தி.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து ஒரு கோட்பாடாக எழுதியவர் துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன். ஆட்சியைப் பிடிக்க வைப்பது 'அஸபிய்யா', அதாவது ஒருவருக்காக ஒருவர் சாகத் துணியும் கூட்டுணர்வு என்றார். அவரை ஜாதி ரத்தம் பேசியவர் என்று சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். வம்சாவளி என்பது பெரும்பாலும் கற்பனை, அதனால் விளையும் நெருக்கமும் பழக்கமும்தான் நிஜம் என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். சேர்ந்து வாழ்ந்தால் அடிமைக்கும் கூட்டாளிக்கும் அதே உணர்வு வரும் என்பது அவர் கருத்து. ஆட்சிக்கு வந்த கூட்டம் சுகத்தில் ஊறி, தலைவன் தன் சொந்தக்காரர்களை ஒதுக்கிக் கூலிக்கு ஆள் சேர்க்க ஆரம்பிப்பான். பொதுவாக மூன்று தலைமுறை, சுமார் 120 ஆண்டு, அதோடு முடிந்தது என்றார்.

இந்தக் கணக்கு புவைஹ்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது: 945இல் பாக்தாதுக்குள் வந்தார்கள், 1055இல் அதே துக்ரில் பெக் அவர்களை வெளியேற்றினார். மம்லூக்குகளுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதுப் பையன்களை வாங்கி, சுகத்தில் பிறக்காத ஒரு கூட்டத்தைப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கெய்ரோவில் காஜியாக இருந்த கடைசிக் காலத்தில் இப்னு கல்தூனே இதை உணர்ந்திருந்தார். இந்த அடிமை வீரர்கள் வந்து சேர்ந்ததை இஸ்லாத்துக்குக் கிடைத்த இறையருள் என்றுதான் எழுதினார்.

ஒரு கடைசி விஷயம், ஏனென்றால் "அரசு விழுந்தால் கட்டும் போய்விடுமா" என்று அடுத்து கேட்கத் தோன்றும். 1517இல் துருக்கிய உஸ்மானியர் கெய்ரோவைப் பிடித்து, கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயைச் சுவைலா வாசலில் தூக்கிலிட்டார்கள். சுல்தானியம் முடிந்தது. மம்லூக் வீடுகள் முடியவில்லை. பையன்களை வாங்குவது, வளர்ப்பது, விடுவிப்பது, அவர்கள் ஒரே வீட்டாராகச் சேர்ந்து நிற்பது எல்லாம் உஸ்மானிய ஆளுநர்களின் கண்ணெதிரே தொடர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் எகிப்தை நடைமுறையில் ஆண்டவர்கள் திரும்பவும் அந்த வீட்டுத் தலைவர்கள்தான். 1811 மார்ச் 1 அன்று எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலீ அந்த மம்லூக் தலைவர்களை விழாவுக்கென்று கோட்டைக்கு அழைத்து, திரும்பும் வழியில் கதவுகளை அடைத்துக் கொன்ற பிறகுதான் அந்த முடிச்சு எகிப்தில் அறுந்தது.